மோட்டார் வண்டியின் புகையும் அளவை நூலும்

மலையிலே புகை தோன்றின் ஆங்கே நெருப்பு உண்டு எனத் துணிதல், அனுமானத்துக்கு நம் முன்னோர் காட்டிய பழைய எடுத்துக்காட்டாகும். மணிமேகலையின் இருபத்தொன்பதாங் காதையிலே அறவண அடிகள் அளவை நூலைப் போதிக்குமிடத்து, ஏதுவின் போலிகளும் வகுத்துரைக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று சித்தாசித்தம். கண்ணுக்குப் புலனாவது புகையோ, ஆவியோ, பனியோ என்னும் ஐயம் நீங்காதிருக்கவே, நெருப்பு உண்டென முடிவு கட்டுதல் அக்குற்றமாகும். இந்நுட்பம் பரீட்சைக்குப் படிப்போருக்கு மாத்திரம் உரியதன்று. பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மொரிஸ் மைனர் என்னும் கார் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்திலே வெளிவந்தது; 1971ஆம் ஆண்டுடன் அதன் உற்பத்தி முற்றுப்பெற்றது. ஆயினும் அதனையும் அதன் காலத்து ஒஸ்ரின் கார்களையும் இலங்கைத் தெருக்களில் இன்றும் காண்கின்றோம். 2020ஆம் ஆண்டிலே வாகன இறக்குமதி தடைசெய்யப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தமையால், பழைய வண்டிகளைப் பேணவேண்டிய தேவை மிகுந்தது. மறுபுறத்தில், 2008ஆம் ஆண்டு தொடங்கிய புகைப் பரிசோதனையிலே தேறாத வண்டிக்கு வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. சிலாபத்துக்கும் புத்தளத்துக்குமிடையே வாடகைக்கு ஓடிப் பிழைக்கும் ஒருவருக்கு அப்பத்திரம் இல்லையெனில் அடுப்பில் உலை ஏறாது. அந்த அவசரத்திலே, “புகைக்கிறது, எஞ்சினை இறக்குவோம்” என்னும் சொல்லுக்கு உடன்பட்டுக் கடன்படுவோர் பலர். சில நூறு ரூபாவில் தீரும் குறைக்குப் பெருந்தொகை செலவிடுதல், காரணத்தை அறியாது காரியத்தைத் துணிவதன் பயனேயாம்.

எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிதற்கு உரியவை இரண்டே: காற்றும், அதற்கு அளவான பெற்றோலும். அவை செவ்வனே எரியின் புகைவாயிலிற் கண்ணுக்குத் தெரியும் நிறம் எதுவும் இராது. நிறம் தோன்றின், உரிமையில்லாத ஒன்று உட்புகுந்தது என அறிதல் வேண்டும். ஒயில் புகுந்தால் நீலம். பெற்றோல் மிகுந்தால் கருமை. நீர் புகுந்தால் வெண்மை. இம்மூன்றே முதற் பகுப்பு.

வெண்மையை முதலிற் கொள்வோம். சித்தாசித்தம் நேர்வது இங்கேதான். எரிதலினால் நீராவியும் உண்டாகின்றது. இரவிற் குளிர்ந்திருந்த குழாயிலே அது நீராய்ப் படிந்து, காலையில் வண்டியைத் தொடக்கும்போது வெண்ணிற ஆவியாய் எழும். குழாய் சூடேறியதும் சில நிமிடத்தில் மறையுமாயின் அது குறையன்று. வண்டி நன்றாகச் சூடேறிய பின்னும் வெண்மை நீங்காவிடிற் பிற சான்றுகளையும் தேடுதல் வேண்டும். வெளியே ஒழுக்கு இல்லாமலே றேடியேற்றரில் நீர் குறைகின்றதா? எஞ்சின் ஓடும்போது அந்நீரிற் குமிழிகள் இடையறாது எழுகின்றனவா? ஒயில் மூடியின் உட்புறத்திலே பாற்றேநீர் நிறத்தில் நுரை படிந்துள்ளதா? பிளக்குகளுள் ஒன்று மாத்திரம் கழுவியதுபோல் இருக்கின்றதா? இவற்றுட் சில ஒருங்கு கூடுமாயின், ஹெட் காஸ்கெற் பழுதடைந்தது அல்லது ஹெட் வெடித்தது எனத் துணியலாம். றேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறத்தல் ஆகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

நம் கரையோரத்தில் இந்நோய்க்கு வித்திடுவது பெரும்பாலும் நாம் வார்க்கும் தண்ணீரே. கற்பிட்டிக் குடாநாட்டு மணலின் கீழ் நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய படையாகவே நிற்கின்றது. உவர் கலந்த கிணற்று நீரை றேடியேற்றருக்கு வார்த்தால், அது உலோகத்தை அரிக்கும். உள்ளே காரை படிந்து நீரோட்டம் தடைப்படும். எஞ்சின் மிகையாகச் சூடேறி ஹெட் வளையும். ஆதலால் வடித்த நீரையோ சுத்தமாகப் பிடித்த மழைநீரையோ துருத்தடுப்பு மருந்துடன் வார்த்தல் நன்று. காஸ்கெற் மாற்றும்போது ஹெட்டின் தளம் நேராயுள்ளதா எனப் பார்த்து, நடுவிலிருந்து வெளிநோக்கி, கைநூல் கூறும் முறைப்படியும் அளவின்படியும் சுரைகளை இறுக்குதல் வேண்டும். இலங்கையில் 2002ஆம் ஆண்டுடன் ஈயம் கலந்த பெற்றோல் ஒழிந்தது. ஈயத்தை நம்பிச் செய்யப்பட்ட பழைய வால்வு இருக்கைகள் அதனால் விரைந்து தேயும். ஹெட்டைக் கழற்றிய அவ்வேளையிலேயே புகைபோக்கு வால்வுகளுக்குக் கடின உலோக இருக்கைகளைப் பொருத்துவித்தல் இருமுறைச் செலவைத் தவிர்க்கும்.

கருமை அஞ்சத்தக்கதன்று; பெற்றோல் மிகுதியை அல்லது காற்றுக் குறைவை அது காட்டும். மணற்றெருவில் ஓடும் வண்டியின் காற்றுவடியைத் தூசி அடைத்திருக்கலாம். சோக் முற்றாகத் திரும்பாதிருக்கலாம். காபரேற்றரின் மிதவை ஓட்டையாகியோ, அதன் ஊசி தேய்ந்தோ பெற்றோல் வழியலாம். எஸ்.யூ. காபரேற்றராயின் சோதனை எளிது. எஞ்சின் சூடேறி மெல்ல ஓடும்போது, அதன் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக உயர்த்துக. வேகம் கூடி அவ்வாறே நின்றாற் பெற்றோல் மிகை. எஞ்சின் தளர்ந்து நின்றாற் குறை. சிறிது கூடி உடனே பழைய நிலைக்கு மீண்டால் அளவு சரி. புகைப் பரிசோதனையிலே பெற்றோல் வண்டிக்கு அளக்கப்படும் காபனோரொட்சைட்டு மிகுவதற்குக் கலவையின் இம்மிகுதியே முதன்மைக் காரணம்.

நீலமே ஆராய்ச்சி மிக வேண்டுவது. ஒயில் எரிகின்றது என்பது தெளிவு. அது எவ்வழியாற் புகுந்தது என்பதே வினா. முதலில் ஒயில் அளவுக்கு மிஞ்சி வார்க்கப்பட்டுள்ளதா, எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டுள்ளதா என்று பார்க்க. இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. அதன்பின் வழிகள் இரண்டு: மேலே வால்வுத் தண்டு, கீழே பிஸ்டன் வளையம்.

புகை எப்பொழுது வருகின்றது என்பதே இவற்றைப் பிரித்தறியும் ஏது. இரவு முழுதும் நின்ற வண்டி தொடங்கியவுடன் நீலமாய்க் கக்கிப் பின் தெளியின், ஒயில் வால்வுத் தண்டின் வழியே சொட்டி இறங்கியது எனலாம். ஓடும்போது அக்சிலேற்றரைச் சிறிதுநேரம் விட்டு மீண்டும் மிதிக்கையிற் புகைப்படலம் எழுதலும் அதற்கே சான்று. அப்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் ஒயிலை மேலிருந்து உறிஞ்சுகின்றது. அவ்வாறன்றிப் பாரமேற்றி ஓடும் நேரமெல்லாம் புகை தொடருமாயின் வளையங்களையே ஐயுறுதல் வேண்டும்.

ஐயத்தைத் தீர்ப்பது அமுக்கச் சோதனை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் மானியால் அளந்து குறித்துக்கொள்க. பின்பு ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலை ஒவ்வொன்றினுள்ளும் விட்டு மீண்டும் அளக்க. குறைந்திருந்த அளவு இப்போது நன்கு உயர்ந்தால், விட்ட ஒயில் வளையத்தின் இடுக்கை அடைத்தது என்பது பொருள். குறை வளையத்தில் அல்லது சிலிண்டரில் உள்ளது. உயராவிடின் வால்விலோ காஸ்கெற்றிலோ அமுக்கம் கசிகின்றது. இரு முறையும் அமுக்கம் செம்மையாயிருந்தும் நீலப்புகை வருமாயின், வால்வுத் தண்டின் சீலையே மாற்றிப் பார்த்தல் தகும்.

மொரிஸ் மைனருக்கு 1952ஆம் ஆண்டு முதல் பொருத்தப்பட்ட எஞ்சினில் அந்தச் சீல் ஒரு சிறு இறப்பர் வளையமே. ஹெட்டைக் கழற்றாமலே அதனை மாற்றலாம். பிஸ்டன் மேலேறும் அமுக்க வீச்சிலே உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்கையில், மணலற்ற சுத்தமான கயிற்றைப் பிளக் துளையால் உட்செலுத்தி, முனையை வெளியே விட்டு, எஞ்சினைக் கையாற் சுழற்றி இறுக்குக. கயிறு வால்வைத் தாங்கிநிற்கும். சுருளியைக் கழற்றினும் வால்வு உள்ளே விழாது. வழிகாட்டிக் குழாயே தேய்ந்திருப்பின் இம்மருந்து நெடுநாள் நில்லாது. ஹெட்டைக் கழற்றவே வேண்டும்.

குறை வளையத்திலெனின் செலவு பெரிது. அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தேய்ந்த சிலிண்டரில் புதிய வளையத்தை மாத்திரம் இடுதல் வீண்செலவு. மேல் விளிம்பில் எஞ்சிய மேட்டில் அது மோதி உடைதலும் உண்டு. சிலிண்டரின் தேய்வை அளந்து, வேண்டுமாயிற் குடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுதலே முறை.

இச்சோதனைகளை அடைத்த கொட்டகையிற் செய்தல் ஆகாது. நிறமுள்ள புகையை நாம் காண்கின்றோம். காபனோரொட்சைட்டுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது அறியாமலே உயிரைக் குடிக்கும்.

நம் பழைய மாணவரிற் சிலர் வண்டி திருத்துகின்றனர். பலர் வண்டி வைத்திருக்கின்றனர். இரு சாராருக்கும் நாம் கூறுவது ஒன்றே. “எஞ்சினை இறக்க வேண்டும்” என்னும் மேற்கோள் பிறந்தவிடத்து, “ஏது யாது?” என வினவுக, ஏதுவை அளந்து காட்டுக. அளவை நூல் கற்றதன் பயன் அதுவேயாம்.