படை நின்ற ஊரில் படக் கேமரா

பாறசாலை, நெய்யாற்றின்கரை, கோட்டுகால் பக்கத்திலிருந்து அன்றாடம் வேலைக்கு வருவோர் பலர் இறங்குமிடம் திருவனந்தபுரம் தம்பானூர். ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கைரளி தியேட்டர். 2017 ஜூன் மாதம் நடந்த சர்வதேச டாக்குமெண்டரி விழாவில் மூன்று படங்களுக்கு மத்திய செய்தி ஒலிபரப்பு இலாகா அனுமதி மறுத்துவிட்டது. அவற்றில் ஒன்று காஷ்மீர் பற்றியது: 'விழுந்த சினார் மர நிழலில்'. எடுத்தவர்கள் ஃபாசில், ஷான் செபாஸ்டியன் என்ற இரு மலையாள இளைஞர்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்? சாய்ந்து கிடக்கும் ஒரு மரத்தருகே காஷ்மீர் பல்கலைக்கழக மாணவர்கள் கூடிப் பாடுகிறார்கள், வரைகிறார்கள், பேசுகிறார்கள். நாலாபுறமும் ராணுவம் நிற்கும் ஊரில் படிக்கிற பிள்ளைகளின் பேச்சு அது.

தியேட்டரில் ஓடும் படத்துக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். விழாப் படங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதைத் தர வேண்டியது மத்திய இலாகா. அது கையெழுத்திடாவிட்டால் திரை இருட்டுத்தான். 2019-ல் ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்' படத்துக்கும் இதே கதி நேர்ந்தது. அந்த முறை கேரள ஹைகோர்ட் தலையிட்டு, திரையிட அனுமதித்தது.

கொட்டகையில் முன்பு மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டிய சர்க்கார் நியூஸ் ரீலை நினைத்துக்கொண்டு, டாக்குமெண்டரி என்றாலே பீடி பிடிக்க வெளியே போகிறவர்கள் உண்டு. அவர்கள் பார்க்க வேண்டிய படம் ஒன்று இருக்கிறது. பாலஸ்தீனத்தில் பிலின் என்ற கிராமத்து விவசாயி எமாத் புர்னாத், 2005-ல் நாலாவது மகன் பிறந்தபோது குழந்தையைப் படம் பிடிக்கக் கேமரா வாங்கினார். அதே சமயம் ஊரின் ஒலிவத் தோட்டங்களை வெட்டிக்கொண்டு இஸ்ரேலின் வேலி வந்தது. ஊர்வலம், கண்ணீர்ப்புகை, நடுநிசியில் கதவைத் தட்டும் சிப்பாய்கள் எல்லாம் குழந்தையின் பல் முளைப்போடு சேர்ந்தே பதிவாயின. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேமராக்கள் உடைந்தன. இஸ்ரேலியரான கை டேவிடியுடன் சேர்ந்து அவர் முடித்த படத்தின் பெயரே 'ஐந்து உடைந்த கேமராக்கள்'. 2013-ல் ஆஸ்கார் போட்டிக்கு மனைவி மகனோடு போனவரை லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள்!

நமக்கு நெருக்கமான கதை யாழ்ப்பாணத்தில். இந்திய அமைதிப்படை 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்தது. யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் ஆசிரியை டாக்டர் ரஜனி திராணகம, படையினர் செய்ததையும் புலிகள் செய்ததையும் ஒளிக்காமல் எழுதி வைத்தார். 'முறிந்த பனை' நூலாசிரியர் நால்வரில் அவரும் ஒருவர். 1989 செப்டம்பர் 21-ந் தேதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டு இறந்தார். கனடாவின் ஹெலன் க்ளொடாவ்ஸ்கி 2005-ல் அவர் வாழ்க்கையைப் படமாக்கினார். பழைய சம்பவங்களை நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. ரஜனியாக நடித்தவர் அவர் மகள் சரிகா.