வானர சுந்தரி

கூரைமேல் குரங்கு தாவினால் 'ஆஞ்சநேயா!' என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பாட்டிமார் சேத்தியாத்தோப்பிலும் உண்டு. ஹாலிவுட்டாருக்கோ குரங்கென்றால் வேறு நினைப்பு. 'யூனிவர்ஸல்' கம்பெனியாரின் 'காப்டிவ் வைல்டு உமன்' 1943-ல் வெளிவந்தது. அதில் பித்துப் பிடித்த டாக்டர் ஜான் காரடைன். ஒரு பெண்ணின் சுரப்பிநீரையும், தம் தாதியின் மூளையையும் கொரில்லாவுக்கு வைத்து, அதை அழகியாக்கிவிடுகிறார்! அழகியாக வருபவர் அக்குவானெட்டா. போகட்டும், கதைதானே!

ஆனால் பொறாமை மூண்டதும் அவள் மறுபடி குரங்காகும் விதத்தைக் கவனியுங்கள். முதலில் சருமம் கறுக்கிறது. பிறகுதான் ரோமம் முளைக்கிறது. மனுஷிக்கும் மிருகத்துக்கும் இடையே நடுப்படி, கறுப்பு நிறமாம்! பைத்தியம் டாக்டருக்கு மட்டுந்தானா?

1944-லும் 1945-லும் அவளை மீண்டும் உயிர்ப்பித்துப் படமெடுத்தார்கள். கடைசிப் படத்தில் குரங்கு வேஷம் விக்கி லேனுக்கு.