உங்களுக்குத் தெரியுமா? மல்லிகா ராணியின் பதில் முதல் மொபைல் இல்லாத பத்து நாள் வரை

பியூட்டி பார்லர் வரவேற்பறை, ஓட்டல் நீரூற்று, மசாஜ் நிலையத்தின் விளம்பரப் பலகை என்று கண்மூடிய புத்தரை இன்று எங்கும் பார்க்கலாம். பார்த்துப் பார்த்து, பௌத்தம் என்றால் எதற்கும் வாய் திறக்காமல் இருப்பது என்றே பல பெண்கள் நினைத்துவிட்டார்கள். 'பொறுத்துப் போம்மா' என்பதைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பொறுத்துப்போ எதற்கு? பழைய பாலி நூல்களைப் புரட்டினால் கிடைப்பது வேறு சரக்கு. சம்பளத்தை எப்படிப் பிரிப்பது, கடன், பசப்பும் தோழிகள், தூக்கம் வராத இரவு, கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது... எல்லாம் அங்கே பேசப்பட்டிருக்கிறது.

◆ கோசல மன்னன் பசேநதி ஒருநாள் அரண்மனை மாடியில் ராணி மல்லிகாவிடம் கேட்டான்: உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா? 'நீங்கள்தான்' என்ற பதிலை எதிர்பார்த்திருப்பான். மல்லிகா, பூமாலை கட்டும் குடும்பத்திலிருந்து ராணியானவள் என்கின்றன பௌத்தக் கதைகள். பூசி மெழுகத் தெரியாதவள். அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு உண்டா என்று திருப்பிக் கேட்டாள். யோசித்துப் பார்த்த மன்னனும் அதையே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. விஷயம் புத்தரிடம் போனது. அவர் ராணியைக் கண்டிக்கவில்லை. எல்லோருக்கும் அவரவரே பிரியமானவர். ஆகவே தன்னை நேசிக்கிறவர் பிறரை வருத்தக் கூடாது என்றார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவதுதான் நல்ல பெண்ணுக்கு அழகு என்று நினைக்கும் வீடுகளில் இந்தக் கதையைச் சத்தமாகப் படிக்கலாம்.

◆ அதே மல்லிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது மன்னன் முகம் வாடியது. பெண், ஆணைவிட மேலானவளாக வரக்கூடும் என்று புத்தர் சொன்னதாகச் சம்யுத்த நிகாயம் என்ற பாலி உபதேசத் தொகுப்பில் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் பிரசவ வார்டு வாசலில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

◆ முதல் சம்பளம் வாங்கியவர்களுக்கு: சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன கணக்கு இது. வருமானத்தை நான்காகப் பிரி. ஒரு பங்கை அனுபவி. இரண்டு பங்கைத் தொழிலில் போடு. நான்காவது பங்கை ஆபத்துக்கு எடுத்து வை. 30,000 ரூபாய் சம்பளம் என்றால் 7,500 கைச்செலவுக்கு, 7,500 அவசரத்துக்கு. நடுவில் உள்ள 15,000 தொழிலுக்கு. மாதச் சம்பளக்காரருக்குத் தொழில் ஏது என்று கேட்கலாம். அடுத்த வேலைக்குத் தகுதியாக்கும் படிப்பு, லேப்டாப், வேலைக்குப் போய்வரும் செலவு, ஹாஸ்டல் வாடகை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும் என்பது என் கட்சி. கவனியுங்கள், அனுபவிப்பதற்கு ஒரு பங்கு உண்டு. புடவைக்கும் சினிமாவுக்கும் செலவழித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் புழுங்க வேண்டியதில்லை.

◆ இல்லறத்தாருக்கு நான்கு சுகங்கள் என்று வணிகர் அனாதபிண்டிகருக்குச் சொன்னார் புத்தர். பொருள் இருப்பது ஒன்று, அதை அனுபவிப்பது ஒன்று, குற்றமற்ற வாழ்க்கை ஒன்று. மீதி ஒன்று, கடன் இல்லாதிருப்பது. மாதம் ஐந்தாம் தேதி இ.எம்.ஐ. எடுக்கப்பட்டதாக மெசேஜ் வரும்போது இதன் அருமை தெரியும்.

◆ கணவன் மனைவிக்குச் செய்ய வேண்டிய ஐந்து கடமைகளும் சிகாலனுக்குச் சொன்ன அதே உபதேசத்தில் வருகின்றன. மதிப்பது, அவமதிக்காமல் இருப்பது, துரோகம் செய்யாமல் இருப்பது, வீட்டு அதிகாரத்தை அவளிடம் கொடுப்பது, நகை வாங்கித் தருவது. நகை கடைசியில்தான் வருகிறது! வேலைக்காரர்களுக்கு எஜமானர் செய்ய வேண்டியவையும் உண்டு: சக்திக்கேற்ற வேலை, கூலி, நோயில் கவனிப்பு, நேரத்துக்கு விடுப்பு. லீவு கேட்டால் முகம் சுளிக்கும் டீம் லீடரைப் பற்றிப் புலம்புகிற நாமே, வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் வராவிட்டால் என்ன பேசுகிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

◆ நண்பர் வேஷம் போடுபவர்களில் ஒரு வகையைச் சிகாலனுக்கு இப்படி அடையாளம் காட்டுகிறார்: நீ செய்யும் தப்புக்கும் தலையாட்டுவார், முகத்துக்கு நேரே புகழ்வார், முதுகுக்குப் பின்னால் பழிப்பார். ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் என்று மட்டும்தான் சேர்க்கவில்லை.

◆ புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள் 547. அதில் 49ஆவது, நாள் நட்சத்திரம் பற்றியது. நகரத்து மாப்பிள்ளை வீட்டார் கிராமத்துப் பெண்ணுக்குக் கல்யாணத் தேதி குறித்துவிட்டு, பிறகு தங்கள் குலத்துச் சந்நியாசியிடம் நாள் நல்லதா என்று கேட்டார்கள். என்னை முதலிலேயே கேட்கவில்லையே என்ற கோபம் அவருக்கு. இன்று நாள் சரியில்லை, கெட்டது நடக்கும் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் போகவில்லை. பெண் வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு, அதே நாளில் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மறுநாள் வந்தவர்களுக்கு மிச்சமிருந்தது சண்டை மட்டுமே. பெண் கிடைப்பதுதானே நல்ல நட்சத்திரம் என்று ஒரு புத்திசாலி அங்கே சமாதானம் பேசினாராம். அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று நமக்குத் தோன்றும். கதையில் அது இல்லை.

◆ 'என்னம்மா, இப்படி ஊதிட்ட?' கல்யாண வீட்டில் ஒரு அத்தை கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். அதைக் காதில் வாங்கிய பெண்ணுக்கு அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். இதற்குத்தான் இரண்டு அம்புகள் என்ற உபதேசம். உடம்பில் தைத்த அம்பு ஒன்று. அதைத் தொடர்ந்து மனசு தானே எய்துகொள்ளும் அம்பு இரண்டாவது: ஏன் அப்படிச் சொன்னார், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்களா, நான் எதற்குமே லாயக்கில்லையா. பயிற்சி உள்ளவருக்கு ஒரு அம்போடு நின்றுவிடும் என்கிறது சம்யுத்த நிகாயம். முதல் அம்பு வலிக்காது என்று அது சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எய்கிறவரை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. ஆபீசில் ஒருவர் தினமும் எய்துகொண்டிருந்தால் அது தியானத்தில் தீர்க்கிற விஷயமல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அங்கே போய் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது அம்பு இல்லாத மனசுக்கு அந்தப் புகாரைத் தெளிவாக எழுதவும் வரும்.

◆ வீட்டுக்கு வந்த விருந்தாளி, வைத்த பலகாரத்தைத் தொடாமல் போனால் அது யாருக்கு? வாய்க்கு வந்தபடி திட்டிய பாரத்வாஜர் என்ற பிராமணரிடம் புத்தர் கேட்ட கேள்வி இது. எங்களுக்கேதான் என்றார் அவர். அப்படியே உங்கள் வசவும் என்றார் புத்தர். கமெண்ட் பாக்ஸில் பெயர் தெரியாத ஆள் இறக்கி வைப்பதற்கும் இது பொருந்தும்.

◆ நல்ல பெயர் என்பது எவ்வளவு தூரம் தாங்கும்? சாவத்தி நகரில் வேதேஹிகா என்ற வீட்டுக்காரி. சாந்தமானவள், அதிர்ந்து பேசாதவள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் வீட்டு வேலைக்காரி காளி. காளிக்கு ஒரு சந்தேகம்: அம்மாவுக்குக் கோபமே இல்லையா, அல்லது நான் வேலையை ஒழுங்காகச் செய்வதால் வெளியே வரவில்லையா? ஒருநாள் வேண்டுமென்றே லேட்டாக எழுந்தாள். முகம் சுளித்தாள் வேதேஹிகா. அடுத்த நாள் இன்னும் லேட். திட்டு விழுந்தது. மூன்றாம் நாள் கதவுத் தாழ்க்கட்டையை எடுத்து மண்டையில் ஒரே போடு. ரத்தம் ஒழுகும் தலையோடு காளி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்: பாருங்கள், சாந்தமானவள் செய்த வேலையை! நினைத்தது நடக்கும்வரை எல்லோரும் சாந்தம்தான் என்பதற்குப் புத்தர் தம் பிக்குகளிடம் சொன்ன கதை இது. எனக்கென்னவோ இதில் பிடித்த பாத்திரம் காளிதான். மண்டையைக் கொடுத்துச் சோதனை செய்தவள் அவள்.

◆ ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. தப்பிய பாடல்கள் கொஞ்சம். ஆனால் கதை பாலி உரைகளிலும் இருக்கிறது. கொலைத் தண்டனைக்கு இழுத்துச் செல்லப்பட்ட திருடனை ஜன்னல் வழியே பார்த்துக் காதலித்தாள் பணக்கார வீட்டுப் பெண் பத்திரை. அப்பா செலவு செய்து அவனை மீட்டுக் கட்டிவைத்தார். அவனோ நகைக்காக அவளை மலையுச்சிக்குக் கூட்டிப்போனான். கடைசியாக ஒருமுறை வலம்வந்து கும்பிடுகிறேன் என்று சொல்லிப் பின்னால் போனவள், அவனைத் தள்ளிவிட்டாள். பிறகு துறவியாகி, ஊர் ஊராக நாவல் கிளையை நட்டு வாதுக்கு அழைத்தாள். புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்த பிக்குணியானாள். கொல்லாமையை முதல் சீலமாகக் கொண்ட மதம் இவளை வெளியே நிறுத்தவில்லை. உள்ளே எடுத்து, பாட்டையும் தொகுத்து வைத்திருக்கிறது.

◆ அந்தத் தொகுப்பின் பெயர் தேரிகாதை. மூத்த பிக்குணிகள் பாடிய 73 கவிதைகள். உலகில் இன்று கிடைக்கும் மிகப் பழைய பெண் எழுத்துத் தொகுப்புகளில் ஒன்று. உரல், உலக்கை, கூன் விழுந்த கணவன் மூன்றிலிருந்தும் தப்பித்த சந்தோஷத்தைப் பாடியவளும் அதில் இருக்கிறாள்.

◆ ராத்திரி ஒரு மணி. அவன் ஏன் 'சீன்' பண்ணிவிட்டுப் பதில் போடவில்லை என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது. மஜ்ஜிம நிகாயம் என்ற பாலித் தொகுப்பின் 20ஆவது உபதேசம் ஐந்து வழி தருகிறது. வேறொரு நல்ல எண்ணத்தை அந்த இடத்தில் வை. போகாவிட்டால், இந்த எண்ணம் எனக்கு என்ன கெடுதல் செய்கிறது என்று பார். அதுவும் ஆகாவிட்டால் கண்டுகொள்ளாமல் விடு. அடுத்தது, எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கித் தேடு. எதுவுமே பலிக்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கு. பலவந்தம் கடைசியில்தான். நம் பழக்கம் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

◆ மைத்ரி தியானத்தில் அன்பை முதலில் யாருக்குச் செலுத்துவது? தனக்கு. அதன்பின் மதிப்புக்குரியவர், நெருங்கிய தோழி, தெரிந்தும் தெரியாதவர், கடைசியாகப் பகையாளி. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுர மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் சொல்லும் வரிசை இது. ஆசை பிறக்கும் என்பதால், எதிர்பாலினத்தவர் ஒருவரைக் குறிவைத்து இதைச் செய்யாதே என்றும் எச்சரிக்கிறார். பிரியமானவர் மேல் செலுத்து என்று சொல்லக் கேட்ட ஒருவன், மனைவியை நினைத்து அறைக்குள் உட்கார்ந்தானாம். விடியவிடியச் சுவரோடு முட்டி மோதிக்கொண்டிருந்தானாம்! புத்தகோசருக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

அதே நூலில் இன்னொரு கூர்மையான விஷயம்: ஒவ்வொரு நற்குணத்துக்கும் பக்கத்திலேயே ஒரு பகை இருக்கிறது. அன்புக்குத் தூரத்துப் பகை வெறுப்பு, அதைச் சுலபமாக அடையாளம் காணலாம். கிட்டத்துப் பகைதான் ஆபத்து, ஏனென்றால் அது அன்பு மாதிரியே இருக்கும். அதன் பெயர் பற்று. பாஸ்வேர்டு கேட்பது, லைவ் லொகேஷன் கேட்பது, அந்த டிரெஸ் வேண்டாம் என்பது எல்லாம் 'உன்மேல் உள்ள அக்கறை' என்ற பெயரில்தான் வருகின்றன. அதுபோலவே சமநிலையான மனசுக்குக் கிட்டத்துப் பகை, எதையும் கண்டுகொள்ளாத மந்தம். என்னை எதுவும் பாதிக்காது என்று பெருமைப்படும்போது இரண்டில் எது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

◆ கண்ணாடி எதற்கு? மகன் ராகுலனிடம் புத்தர் கேட்டார். பார்த்துக்கொள்வதற்கு என்றான் பையன். அப்படியே, செய்யுமுன் பார், செய்யும்போது பார், செய்த பின்னும் பார். இது எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்று. கோபத்தில் டைப் செய்த மெசேஜுக்கும் மூன்று கட்டம் உண்டு. மூன்றாவதற்குள் 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' நேரம் முடிந்துவிடுகிறது.

◆ சமயவாதிகளிடம் தத்துவம் கேட்கப் போன மணிமேகலை, ஆண் துறவியின் வடிவெடுத்துக்கொண்டுதான் வஞ்சி நகருக்குள் போனாள். இளம்பெண் என்றால் அவர்கள் தங்கள் கொள்கையைச் சொல்ல மாட்டார்கள் என்று மணிமேகலா தெய்வம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. ஆன்லைன் கேமில் ஆண் பெயரில் விளையாடும் பெண்களுக்கு இது புரியும்.

◆ பெண்களுக்குத் தத்துவத்தின் கதவு நிஜத்தில் திறக்க ரொம்ப நாளாயிற்று. திபெத்திய பௌத்தத்தின் உயர்ந்த தத்துவப் பட்டமான கெஷே, நீண்ட காலம் பெண்களுக்கு எட்டாமலே இருந்தது. 2016 டிசம்பரில் கர்நாடகத்தின் முண்ட்கோடில் 20 பெண் துறவிகள், தலாய் லாமா கையால் கெஷேமா பட்டம் பெற்றார்கள்.

◆ பர்மாவின் மாண்டலேயில் 1924இல் பிறந்த தொழிலதிபர் எஸ்.என். கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடித்தான் விபஸ்ஸனா தியானத்துக்கு வந்தார். கற்றுக்கொடுத்தவர் பெரிய அரசுக் கணக்கு அதிகாரியான ஊ பா கின். அந்த முறையில் பத்து நாள் பயிற்சி இப்போது சென்னை திருமுடிவாக்கம் பக்கத்திலும் நடக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எதற்கும் கட்டணம் இல்லை. முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். பெண்களுக்குத் தனி இடம். போன உடனே மொபைலை வாங்கி வைத்துவிடுவார்கள். பத்தாம் நாள் காலைவரை பேச்சு கிடையாது. முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுத வேண்டும், டாக்டரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். ராத்திரிச் சாப்பாடு இல்லை. புதியவர்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழமும் டீயும் உண்டு.