மாரியம்மன் இறங்கிய தீவுகள்

மாரிகுப்பத்தோடு ரயில் பாதை முடிந்துவிடும். தங்கச் சுரங்கத்துக்காகப் போட்ட பாதை; 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியபின், விடியுமுன்னே பெங்களூரு வேலைக்குக் கிளம்புகிறவர்களைச் சுமக்கிறது. இந்த ஊருக்கும் கரீபியன் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், உறவுதான். வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து நம் பாட்டன்மார் இங்கே குழியில் இறங்குவதற்கு ஒரு தலைமுறை முன்பே, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் உண்டு. கரும்புத் தோட்டக் கூலிகளாக அவர்கள் இறங்கிய குவாதலூப், மார்ட்டினிக் தீவுகள் இன்று பாய்மரப் படகுப் பயணிகளின் சொர்க்கம்.

சொர்க்கமாக்கியது காற்று. தீவுகள் வடக்குத் தெற்காக வரிசை கட்டி நிற்கின்றன. கிழக்கிலிருந்து, நம் மீனவர்கள் கொண்டல் என்பார்களே அந்தத் திசையிலிருந்து, காற்று விடாமல் வீசுகிறது. அதனால் போகும்போதும் திரும்பும்போதும் காற்று படகின் விலாவில்தான் படும். பாய்மரத்துக்கு இதைவிட வசதி கிடையாது. மணிக்கு ஆறு கடல் மைல் போனாலே, காலையில் ஒரு தீவில் நங்கூரம் தூக்கி மாலைக்குள் அடுத்த தீவில் போடலாம். ஆனால் தீவு மலையின் மறைவில் பாய் துவண்டு தொங்கும், இன்ஜினைப் போட வேண்டியதுதான். முனையைத் தாண்டியதும் தீவிடைக் கால்வாயின் காற்று ஓங்கி அறையும். விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே பாயைச் சுருக்கிவிடுவார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். டிசம்பருக்குப் பிறகு போவதே புத்தி.

அந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் மார்ட்டினிக்குக்கு வந்தது; அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதே கப்பல் குவாதலூப்புக்கு. 1848-இல் அடிமை முறை ஒழிந்து, தோட்டங்களுக்கு ஆள் இல்லாத நேரம் அது. பின்னால் பல்லாயிரம் பேர் வந்தார்கள். அவர்களுடைய கப்பல்களைத் தள்ளிவந்ததும் பாயில் நிறைந்த காற்றுதான். அந்தக் காற்று சுமந்தது உல்லாசத்தை மட்டும் இல்லை.

குவாதலூப்பில் கரையிறங்குகிறவர்கள் கடற்கரையோடு நின்றுவிடுவது பெரிய நஷ்டம். கபெஸ்தேர் ஊரருகே, சாங்கியில், மாரியம்மன் கோயில் இருக்கிறது. மார்ட்டினிக்கில் மதுரை வீரன் 'மல்தேவிதான்' ஆகிவிட்டார். பூசாரி அருள்வந்து கத்தி முனையில் ஏறி நிற்பார், ஆடு வெட்டுவார்கள். தமிழ் பேசத் தெரியாதவர்கள் தமிழ்ப் பாட்டுப் பாடுகிறார்கள். மாரிகுப்பத்துக்காரர் யாரையாவது அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், வழி கேட்கவே தேவையிருக்காது.

அதே கபெஸ்தேரில் 1863-இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓட்டும் வேண்டுமென்று 1904-இல் வழக்குத் தொடங்கி, 1923-இல் வென்றார். பத்தொன்பது வருட வழக்கு!

படகு வாடகைக்கு வசதியில்லாதவர்கள் ஏங்க வேண்டாம். குவாதலூப், டொமினிக்கா, மார்ட்டினிக் இடையே பயணிகள் கப்பல் ஓடுகிறது. கால்வாய் அலையில் குடல் புரளும். எலுமிச்சம்பழம் கையோடு இருக்கட்டும்.