ஒரு மில்லிமீட்டர் செய்த வேலை

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற ஆடிப் பெருக்கன்று திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில் நான் எடுத்த புகைப்படங்களில் ஒரு விந்தை இருந்தது. அருகில் அமர்ந்து மஞ்சள் கயிறு கட்டிக்கொண்ட என் அத்தையின் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. ஆனால் ஆற்றின் அக்கரையும் படிகளில் நின்ற கூட்டமும் பனி மூடியதுபோல் மங்கிக் கிடந்தன. லென்சைத் தூர முனை வரை திருப்பிப் பார்த்தும் பயனில்லை.

அந்த லென்சின் பெயர் ஹீலியோஸ் 44-2. எங்கள் ஊரில் முன்பு ஸ்டுடியோ நடத்திய பெரியவர் ஒருவர், "சும்மாதானே கிடக்குது, எடுத்துக்கிட்டுப் போ தம்பி" என்று தம் பழைய ஜெனிட் கேமராவிலிருந்து கழற்றித் தந்தது. நண்பனின் டிஜிட்டல் கேமராவில் அதை மாட்ட, விசாரிக்காமல் ஓர் இணைப்பு வளையமும் வாங்கியிருந்தேன். லென்சு கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினேன். அதைத் திருப்பிக் கொடுத்தால் பெரியவர் மனம் நோகுமே என்ற தயக்கத்துடன் எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் லென்சைக் கையில்கூட வாங்கவில்லை. "கணக்குப் போட்டுப் பாருப்பா" என்றார்.

கணக்குக்கு முன் லென்சின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். இதன் மூல வடிவம் ஜெர்மனியின் ஜெனா நகரில் கார்ல் ஜைஸ் நிறுவனம் செய்த 'பயோட்டார்' லென்சு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வடிவம் சோவியத் நாட்டுக்குச் சென்றது. மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலும் வேறு சில ஆலைகளிலும் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டு, ஜெனிட் கேமராக்களுடன் பல நாடுகளுக்கும் போயிற்று. குவியத் தொலைவு 58 மி.மீ. நான்கு தொகுதிகளாக ஆறு கண்ணாடிகள். ஒளித்துளையைச் சுருக்க எட்டு இதழ்கள். மோட்டாரோ மின்சுற்றோ இதில் கிடையாது. எல்லாம் கையால் திருப்புவதுதான். பழுதாக அதிகம் ஒன்றுமில்லாததால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் உழைக்கிறது.

இது கேமராவில் மாட்டப்படுவது 42 மி.மீ. விட்டமுள்ள திருகுமரையால். ஆகவே இவ்வகையை 'எம் 42' என்பார்கள். தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் சரியாக விழவேண்டுமானால், லென்சு அமரும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. இருக்கவேண்டும். ஃபிலிம் இருந்த இடத்தில் இன்று சென்சார் இருக்கிறது. ஒவ்வொரு கேமரா வகைக்கும் இந்த இடைவெளி வேறு. எங்கள் கேமரா நிக்கான் எஃப் வகை. அதன் இடைவெளி 46.5 மி.மீ. ஆக, வளையத்தின் தடிப்பைச் சேர்க்காமலே லென்சு 1.04 மி.மீ. முன்தள்ளி நிற்கிறது.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்? நியூட்டனின் லென்சு விதியைப் போட்டுப் பார்த்தேன். குவியத் தொலைவின் வர்க்கம், 58 × 58 = 3364. அதை 1.04ஆல் வகுத்தால் 3235 மி.மீ. வருகிறது. அதாவது, ஏறத்தாழ பதினோரு அடிக்கு அப்பால் உள்ள எதுவும் தெளிவாக விழாது! அத்தை அந்த எல்லைக்குள் இருந்தார்; காவிரியின் அக்கரை இல்லை. லென்சின் மீது பழியில்லை. பிழை என்னுடையது.

கேனான் இ.எஃப். வகையில் இடைவெளி 44 மி.மீ. எனவே 1.46 மி.மீ. தடித்த வளையம் போதும். நிலைக்கண்ணாடி இல்லாத புதிய கேமராக்கள் இன்னும் எளிது. சோனி இ வகையில் இடைவெளி 18 மி.மீ.தான், 27.46 மி.மீ. நீளமுள்ள வெற்றுக் குழாய் கணக்கை நேர் செய்துவிடும். நிக்கான் எஃப் வகைக்குச் சிறு கண்ணாடி பதித்த வளையம் கிடைக்கிறது. ஆனால் அது தெளிவைக் குறைக்கக்கூடும்.

பயன்படுத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கு இந்த லென்சு இருப்பதே தெரியாது. ஆகவே 'லென்சு இல்லாமலும் படமெடு' என்ற அமைப்பை மெனுவில் தேடி இயக்கவேண்டும். லென்சில் ஒளித்துளைக்கு இரண்டு வளையங்கள் உள்ளன. முதல் வளையத்தில் வேண்டிய அளவைக் குறித்துவிட்டு, இரண்டாவதால் துளையை முழுதும் திறந்து, திரையில் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குத் தெளிவு வரும் வரை திருப்பவேண்டும். பிறகு இரண்டாம் வளையத்தைக் குறித்த அளவு வரை மூடிப் படமெடுக்கலாம். ஓடும் பிள்ளையை எடுக்க இது உதவாது. உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுக்க இதைவிட நல்லது வேண்டியதில்லை.

துளையை முழுதும் திறந்து, இலைகள் நிறைந்த மரத்தின் முன் ஒருவரை நிறுத்தி எடுத்தால், பின்னாலுள்ள ஒளிப்புள்ளிகள் சுழல்வதுபோல் தோன்றும். லென்சின் குறைகளில் ஒன்றுதான் அது. இன்று அதற்காகவே பலர் இதைத் தேடுகிறார்கள். சிறிய சென்சாரில் ஓரங்கள் வெட்டுப்படுவதால் அச்சுழல் குறைந்து தெரியும்.

நம் டெல்டாப் பகுதிக்கு ஓர் எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கவேண்டும். வாங்கும்போதே ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

பின்னர் இன்னொரு நண்பரின் கேமராவில் சரியான குழாயுடன் அதே லென்சைப் பூட்டி, பெரிய கோவில் விமானத்தை எடுத்தேன். உச்சிக் கலசம் வரை தெளிவாக விழுந்தது. படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "என் லென்சா இது?" என்றார். தேர்வுக்காக மனப்பாடம் செய்த விதி ஒன்று எனக்கு முதன்முதலாக விளங்கியதும் அந்த லென்சால்தான்.