மறக்க விடாத எழுத்துரு

2018 அக்டோபரில் மெல்போர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் ஓர் ஆங்கில எழுத்துருவை இலவசமாக வெளியிட்டது. பெயர் சான்ஸ் ஃபர்கெட்டிகா. இதில் படித்தால் பாடம் மனதில் கூடுதலாகத் தங்கும் என்றார்கள். தேர்வு நெருங்கும் மாணவருக்கு வேறென்ன வேண்டும்? உலகம் முழுக்கச் செய்தி பரவியது.

திரையில் பார்த்தவர்களுக்குத்தான் கண் கூசியது. எழுத்துகள் அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். வழக்கமான சாய்வெழுத்து வலப்பக்கம் சாயும். இடச்சாய்வு நிலப்படங்களில் ஆறுகளின் பெயருக்கு வரும், அதோடு சரி. போதாததற்கு, கோடுகள் அங்கங்கே அறுந்திருக்கும். ‘ஓ’வின் வட்டம்கூட முழுசாக இருக்காது. விட்டுப்போன துண்டைப் படிப்பவரே மனதுக்குள் ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும்.

வேண்டுமென்றேதான் அப்படி வரைந்தார் வடிவமைப்பாளர் ஸ்டீபன் பேனம். கூட இருந்தவர்கள் உளவியலாளர்கள். கொஞ்சம் திணறிப் படித்தது நன்றாகப் பதியும் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பியோர்க் 1994-லேயே ‘விரும்பத்தக்க சிரமம்’ பற்றி எழுதியிருந்தார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2011-இல் அச்சேறிய ஆய்வும் கைகொடுத்தது. கற்பனை வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய குறிப்புகளை 90 நொடி படிக்கக் கொடுத்தார்கள். மங்கலான, வாசிக்கச் சிரமமான எழுத்தில் படித்தவர்கள் 86.5 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள். தெளிவான ஏரியல் எழுத்துருவில் படித்தவர்கள் 72.8.

ஆர்எம்ஐடி சுமார் 400 மாணவர்களிடம் சோதித்ததில் கிடைத்த வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை: ஏரியலில் படித்தவர்களுக்கு நினைவிருந்தது 50 சதவீதம், புதியதில் 57. இந்த 7-ஐ நம்பித்தான் அத்தனை ஆரவாரமும்.

2020-இல் பிரிட்டனின் வாரிக், நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 882 பேரை வைத்து நான்கு சோதனைகள் நடத்தினார்கள். படிக்கச் சிரமமாக இருக்கிறது என்பது உறுதியானது. நினைவு கூடவில்லை. சொல் ஜோடிகளை மனப்பாடம் செய்யும் சோதனையிலோ, ஏரியலில் படித்தவர்களே முந்தினார்கள்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. எழுத்தை அடையாளம் காணப் படுகிற பாடு பொருளைப் பற்றி யோசிப்பதாகாது. பியோர்க் சொன்ன சிரமங்களில் முக்கியமானவை வேறு: இடைவெளி விட்டுப் படிப்பது, புத்தகத்தை மூடிவைத்துத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது.

இரண்டாவதற்கு உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையே சான்று. ஒரு பகுதியை மாணவர்கள் படித்தார்கள். பிறகு சிலர் அதையே மறுபடி படிக்க, மற்றவர்கள் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து, மறுபடி படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.