மைத்ரியில் கருவிகளைக் காப்பது எப்படி?

அண்டார்க்டிகாவில் இந்தியாவுக்கு இரண்டு நிலையங்கள் இயங்குகின்றன. ஷிர்மாக்கர் பாறைப் பகுதியில் 1989 முதல் மைத்ரி. லார்ஸ்மன் குன்றுகளில் 2012 முதல் பாரதி. வானிலை, ஓசோன், நிலநடுக்கம், புவியின் காந்தப்புலம் என ஆண்டு முழுவதும் அங்கே அளவீடு நடக்கிறது. அளப்பது கருவியின் வேலை. அந்தக் கருவியை நிற்காமல் ஓட வைப்பதுதான் மனிதருக்குக் கடினமான வேலை.

குளிர் முதலில் கைவைப்பது பேட்டரியில். மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது பேட்டரித் தண்ணீர் வற்றும். மைத்ரியில் குளிர்காலத்தில் மைனஸ் 30-க்கும் கீழே போவதுண்டு. அந்தக் குளிரில் ஈய-அமில பேட்டரி தன் கொள்ளளவில் பாதிக்கு மேல் இழந்துவிடும். முழுச் சார்ஜில் இருந்தால் உறையாது. சார்ஜ் இறங்கினாலோ உள்ளே அமிலம் நீர்த்துப்போய், மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து பெட்டி வெடிப்பு விடும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். ஆகவே பேட்டரிகளை வெப்பம் காக்கும் பெட்டிக்குள் வைக்கிறார்கள். சோலார் தகடும் முழுத் துணையாகாது. அங்கே ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியனே எழுவதில்லை. நம்மூர் பிவிசி கேபிள் அந்தக் குளிரில் வளைத்தால் குச்சிபோல ஒடியும். சிலிக்கோன் உறையிட்ட கேபிள்தான் தாங்கும்.

இன்னொரு எதிரி கண்ணுக்குத் தெரியாதது. மதுரைக் கடைகளில் ஜிகர்தண்டா டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். வெளியே உறைந்து கிடந்த கருவியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் அதன் சர்க்யூட் போர்டிலும் அப்படித்தான் நீர் கோத்துக்கொள்ளும். உடனே மின்சாரம் கொடுத்தால் கருவி போய்விடும். அதனால் வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டுக் கட்டி, உள்ளே கொண்டுவந்து, அறையின் வெப்பத்துக்கு வந்தபிறகே பையைத் திறக்க வேண்டும். இதற்குப் பல மணி நேரம் பொறுக்க வேண்டும்.

பனிப்புயலில் மாவுபோன்ற பனித்தூள் ஊசித்துளை வழியாகவும் பெட்டிக்குள் நுழையும். பறக்கும் பனி உரசி உரசி நிலைமின்சாரமும் சேரும். நம் ஊரில் எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு, கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. ஆனால் அங்கே உறைந்த பாறை மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. எனவே எல்லாக் கருவிகளின் உலோக உடலையும் தடித்த செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறார்கள்.

காந்தமானியின் பராமரிப்பு இவற்றினும் நுட்பமானது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் மதுரைக்குத் தெற்கே, திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், காந்த நடுக்கோட்டின் அருகில் ஓர் ஆய்வகம் நடத்துகிறது. மைத்ரியில் காந்தப்புலம் அளப்பதும் இதே நிறுவனம்தான். கிருஷ்ணாபுரத்தில் இடிமின்னலுக்கு அஞ்ச வேண்டும், மைத்ரியில் குளிருக்கு. வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே உணரியின் அளவு சற்று நகரும் என்பதால், தானியங்கிப் பதிவை அவ்வப்போது தியோடலைட் வைத்துக் கையால் சரிபார்த்தாக வேண்டும். அதைச் செய்பவர் சாவி, கைபேசி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டே அருகில் போவார். சட்டை ஜிப்பில் இரும்பு இருந்தாலும் அளவு கெடும். தடித்த கையுறையோடு நுண்திருகைத் திருப்ப முடியாது. மெல்லிய கையுறைக்கு மாறினால் சில நிமிடங்களில் விரல் மரத்துவிடும். அவகாசம் அவ்வளவுதான்.

உதிரிபாகம் கேப்டவுனிலிருந்து அண்டார்க்டிகாவின் கோடையில் வரும் கப்பலிலும் விமானத்திலும்தான் வரும். குளிர்காலத்தில் எதுவும் வராது. ஆகவே முக்கியமானவை இரண்டிரண்டாக இருக்க வேண்டும். ஒரு ஃப்யூஸ் மறந்துபோனால் பல மாதப் பதிவு போகும். கடந்துபோன நாளின் காந்தப்புலத்தை மறுநாள் யாராலும் அளக்க முடியாது. இந்த இழப்பைத் தவிர்க்கத்தான், புதிய குழு வந்து இறங்கியதும் பழைய குழு ஒவ்வொரு கருவியின் அருகிலும் நின்று, எந்தக் கனெக்டர் இறுகும், எந்தப் பெட்டியில் பனி புகும் என்று காட்டிக்கொடுத்துவிட்டே கப்பலேறுகிறது.